விலகுவது தோல்வியன்று

நேரடி விற்பனைத் தொழிலில் ஆள் சேர்ப்பதற்கு நம் ஊர்களில் வாரந்தோறும் எங்கேனும் ஒரு கூட்டம் நடைபெறுகிறது. விடுதி அரங்கில் நடைபெறுகிறது. திருமண மண்டபத்தில் நடைபெறுகிறது. மொட்டை மாடியில் நடைபெறுகிறது. இப்போது கைப்பேசித் திரையிலும் நடைபெறுகிறது. அத்தொழிலிலிருந்து விலகுவது எவ்வாறு என்று சொல்லித்தர மட்டும் ஒரு கூட்டமும் நடைபெறக் காணோம். உள்ளே வருவோருக்குக் கைதட்டல். வெளியேற எண்ணுவோருக்கோ ‘தோற்றவர்’ என்னும் பட்டம். இந்தப் பட்டத்தை மறுப்பதற்கே இதனை எழுதுகிறோம்.

கடந்த தவக்காலத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். தையல் வேலை செய்பவர். கணவர் லாரி ஓட்டுநர். இரண்டு துணிப்பைகளிலிருந்து புரத மாவு டப்பாக்களையும் மாத்திரைப் புட்டிகளையும் எடுத்து நம் மேசைமீது அடுக்கினார்.

“சாமி, இதையெல்லாம் அனாதை இல்லத்துக்குக் குடுத்திருங்க.”

“காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே அம்மா, ஏன் கொடுக்கிறீர்கள்?”

“தேதி முடியப் போகுது சாமி. வீட்டுல வச்சிருந்தா அவர் கண்ணுல படுது.”

பின்னர்த் தம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஒரு பக்கத்தில் இரவிக்கை அளவுகள். மறு பக்கத்தில் அந்தத் தொழிலின் வரவு செலவு. மூன்று ஆண்டுக் கணக்கு ஒரு வரி விடாமல் எழுதப்பட்டிருந்தது. ஆனால் எந்தப் பக்கத்தின் அடியிலும் கூட்டல் இல்லை. அதனை நாம் கூட்டினோம். பொருள் வாங்கிய வகையில் 96,400 ரூபாய். கூட்டங்களின் நுழைவுச் சீட்டு, பேருந்து, தங்கல் ஆகியவற்றிற்கு 18,700 ரூபாய். ஆகச் செலவு 1,15,100. விற்றதில் வந்தது 38,200. கமிஷனாக வந்தது 21,600. ஆக வரவு 59,800. பற்றாக்குறை 55,300 ரூபாய். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “விட்டுட்டு வந்துரலாமா, இல்ல இன்னும் ஒரு வருசம் பாக்கலாமா சாமி? பதினாலு பேரைச் சேத்துவிட்டிருக்கேன். நாலு பேரு நம்ம அன்பியத்துல உள்ளவங்க. ஒருத்தி என் ஞானப்பிள்ளை.”

இக்கேள்விக்கு விடை கூறும் தகுதி நமக்கு உண்டா என்னும் ஐயம் அன்று நம்மைத் தைத்தது. ஏனெனில் மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் அத்தொழிலில் சேர்ந்தது நம் பங்கு மன்றத்தில்தான். ‘உடல்நல விழிப்புணர்வுக் கூட்டம்’ என்று கேட்டார்கள், மன்றத்தைக் கொடுத்தோம். தொடக்க செபமும் நாமே சொன்னோம். ஆகவே இங்கே நாம் எழுதுவது பிறர்மீது சுமத்தும் குற்றச்சாட்டு மட்டுமன்று. நம் கணக்கையும் சேர்த்தே கூட்டுகிறோம்.

விற்பது குற்றமா?

பொருளைக் கடையில் வைக்காமல் வீடு தேடிச் சென்று விற்பது குற்றமன்று. மூட்டை கட்டித் தெருத்தெருவாய்ச் சேலை விற்றவர்களையும், தவணைக்குப் பாத்திரம் கொடுத்தவர்களையும், கூடை சுமந்து மீன் விற்ற தாய்மாரையும் நாம் அறிவோம். அவர்களுடைய உழைப்பில் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே குருக்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கின்றனர். ஆனால் மீன்கார அம்மாள் உங்களிடம் மீனை விற்றாரேயன்றி, நீங்களும் கூடை தூக்கினால்தான் தமக்கு ஆதாயம் என்று சொன்னதில்லை. வாங்குபவர் உண்ணவே வாங்கினார். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

வருமானம் பொருளை நுகர்வோருக்கு விற்பதிலிருந்து வருகிறதா, ஆள் சேர்ப்பதிலிருந்து வருகிறதா என்பதே உலகெங்கும் சட்டம் வைத்துள்ள உரைகல். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1979-இல் ஆம்வே நிறுவனம் பிரமிடுத் திட்டமன்று என்று தீர்த்தபோது, அந்நிறுவனத்தின் மூன்று விதிகளைக் காரணமாகக் கொண்டது: வாங்கிய சரக்கில் 100-க்கு 70 பங்கையாவது விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது சில்லறையாக விற்றிருக்க வேண்டும், விற்காத சரக்கைத் திரும்ப ஏற்க வேண்டும். அதே ஆணையத்துடன் 2016-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஹெர்பாலைஃப் நிறுவனம் 20 கோடி டாலர் வழங்கவும், ஆள் சேர்ப்பைவிட உண்மையான விற்பனைக்கே ஊதியம் கிடைக்குமாறு தன் முறையை மாற்றவும் நேர்ந்தது. நம் நாட்டில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2021 டிசம்பர் 28-இல் வெளியான நேரடி விற்பனை விதிகள், நேரடி விற்பனை என்னும் போர்வையில் பிரமிடுத் திட்டம் நடத்துவதை வெளிப்படையாகத் தடுக்கின்றன.

“எங்கள் நிறுவனம் பதிவு பெற்றது” என்பர். பதிவு என்பது நிறுவனத்திற்கு ஒரு பெயரும் முகவரியும் உண்டு என்பதற்குச் சான்று. சேருபவர் வாழ்வார் என்பதற்கு அது சான்றாகாது. சட்டம் அனுமதிக்கும் ஒன்று நம் குடும்பத்திற்கு நட்டமாகவும், நம் மனச்சான்றுக்குச் சுமையாகவும் இருக்கக்கூடும். ஆகவே நிறுவனம் நல்லதா தீயதா என்னும் விவாதத்தோடு நின்றுவிட வேண்டா. தொடர்வதா, விலகுவதா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் நோட்டுப் புத்தகமும் உங்கள் கீழ்வரிசையும்தாம்.

ஆறு பேர் கணக்கு

கூட்டங்களில் பலகையில் வட்டங்கள் வரைவார்கள். “நீங்கள் ஆறு பேரைச் சேர்த்தால் போதும்; அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள்” என்பார்கள். அந்தக் கணக்கை முடியும்வரை போட்டுக் காட்டுவதில்லை. நாம் போட்டுப் பார்ப்போம்.

ஒருவருக்குக் கீழ் 6, அடுத்து 36, அடுத்து 216, நான்காம் படியில் 1,296. இவ்வாறே சென்றால் பத்தாம் படியில் மட்டும் 6,04,66,176 பேர் வேண்டும். மேலிருந்து கீழ்வரை எல்லாரையும் கூட்டினால் 7,25,59,411. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள் 7,21,47,030. தொட்டில் குழந்தை முதல் படுக்கையில் கிடக்கும் பாட்டி வரை அனைவரும் விற்பனையாளராகிவிட்டாலும் பத்தாம் படி நிறையாது. மாநிலம் வரை போவானேன்? 400 குடும்பங்கள் உள்ள ஒரு பங்கில் மூன்று படிகளுக்கே 259 குடும்பங்கள் தீர்ந்துவிடும். நான்காம் படிக்கு வேண்டிய 1,296 குடும்பங்களை எந்தக் கோயில் மணி அடித்து அழைப்பது?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. இந்தக் கோபுரம் எந்தப் படியில் நின்றாலும், அடியில் இருப்போர் எப்போதும் 100-க்கு 83 பேர். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. படிகள் பெருகப் பெருக, அடி இரண்டு படிகளில் மட்டும் 100-க்கு 97 பேர் அடங்கிவிடுவர். ஆகவே பெரும்பாலோர் வெறுங்கையோடு நிற்பதற்கு அவர்களுடைய சோம்பல் காரணமன்று. கணக்கின் அமைப்பே அதுதான். ஒருவர் இரவு பகலாக உழைத்து மேலே ஏறினால், தமக்குக் கீழே மற்றவர்களை அடியில் நிறுத்திவிட்டுத்தான் ஏற முடியும். ‘உழைத்தால் எல்லாரும் வெல்லலாம்’ என்று மேடையில் கூறுவோர் இந்தப் பெருக்கல் வாய்பாட்டை மறைக்கின்றனர்.

தங்கச் சொல்லும் காரணங்கள்

விலக நினைப்பவரைத் தடுத்து நிறுத்தச் சில சொற்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“விலகுகிறவர் ஒருபோதும் வெல்வதில்லை” என்பது முதற் சொல். பழுதான படகை விட்டு இறங்கும் மீனவரை நம் கடற்கரையில் எவரும் கோழை என்பதில்லை. சக்கேயு அழைக்கப்பட்டதும் மரத்திலிருந்து இறங்கினார்; இறங்கியதைத் தோல்வி என்று யாரும் கூறியதுண்டா? அவர் வாழ்வு தொடங்கியதே இறங்கிய இடத்தில்தான்.

“இத்தனை போட்டாயிற்று, இப்போது விட்டால் எல்லாம் போய்விடுமே” என்பது இரண்டாவது. இதனை நிறுவனத்தார் சொல்வதினும் நம் மனமே மிகுதியாகச் சொல்கிறது. வெள்ளம் தலைக்குமேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்னும் பழமொழியையும் துணைக்கு அழைக்கிறோம். தலைக்குமேல் ஒரு சாண் என்றால் உந்தி எழுந்து மூச்சு விடலாம். முழமாகிவிட்டால் அதுவும் இயலாது. போன 55,300 ரூபாய், தொடர்ந்தாலும் விலகினாலும் போனதுதான். இன்று தீர்மானிக்க வேண்டுவது அடுத்த மாதத்துச் சம்பளத்தைப் பற்றி மட்டுமே.

“பொருள் தரமானது, நாமே பயன்படுத்துகிறோம், நட்டம் ஏது?” என்பது மூன்றாவது. தரமாகவே இருக்கட்டும். கமிஷன் என்னும் நம்பிக்கை இல்லாதிருந்தால், அந்தச் சோப்பை அந்த விலைக்கு நீங்கள் வாங்கியிருப்பீர்களா? உங்கள் அண்டை வீட்டார் வாங்குவார்களா? ‘இல்லை’ என்பது விடையானால், நீங்கள் வாங்கியது சோப்பு அன்று; கனவு. வீட்டில் பயன்படுத்தியதை வரவில் வைக்க விரும்பினால் வையுங்கள். ஆனால் மளிகைக் கடையில் அதே வேலையைச் செய்யும் பொருளின் விலைக்கே வையுங்கள்.

“இந்தக் குடும்பத்தை விட்டுப் போகிறாயா?” என்பது நான்காவது, இதுவே மிகக் கூர்மையானது. வீட்டில் ஒருவரும் பாராட்டாத ஒரு பெண்ணை மேடையேற்றிக் கைதட்டுகிறார்கள். பிறந்த நாளை நினைவில் வைத்து வாழ்த்துகிறார்கள். நம் பங்குகள் கொடுக்கத் தவறியதை அவர்கள் கொடுத்தார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு மாதம் பொருள் வாங்காமல் இருங்கள். அதன் பின்னும் நலம் விசாரிப்போர் நண்பர், மற்றவர் வியாபாரிகள்.

அறிந்த நாள் முதல்

விலகுவதா என்னும் கேள்வியில் பணத்தைவிடக் கனமான பகுதி ஒன்று உண்டு. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, ஈடுசெய்தலைப் பற்றி ஒரு வேறுபாட்டைக் கற்றோம். நல்லெண்ணத்தோடு, உண்மை அறியாமல் பிறருக்கு இழப்பு விளைவித்தவர், அதனால் தம் கையில் சேர்ந்து எஞ்சியதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். உண்மையை அறிந்த பின்னும் தொடர்பவரோ, அதன்பின் விளையும் இழப்பு முழுவதற்கும் பொறுப்பாவார்.

இந்தப் பழைய பாடம் இன்றைய கீழ்வரிசைக்கு அப்படியே பொருந்துகிறது. கணக்கைக் கூட்டாத வரையில் அந்தத் தாய் ஏமாந்தவர்களில் ஒருவர். கூட்டிய மாலை முதல் அவர் அறிந்தவர். அதற்குப் பின் பதினைந்தாவது ஆளைச் சேர்ப்பாரானால், அது அவருடைய செயல். ‘இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்’ என்பது அறியாதவர் சொல்லும்போது நம்பிக்கை. அறிந்தவர் சொல்லும்போது அந்த ஒரு வருடத்தை வேறொருவர் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. எனவேதான் ‘விலகிவிடுங்கள் அம்மா’ என்று அன்றே சொன்னோம். நம் மன்றத்தைத் திறந்துவிட்ட நமக்கும் அந்த மாலை முதல் அதே சட்டம்தான்.

எவ்வாறு விலகுவது?

சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவதே நல்லது என்று அறிவுரை கூறுவோர் பலர். அதனை நாம் ஏற்கவில்லை. முறையாக விலக வேண்டும். வாய் திறந்தும் விலக வேண்டும்.

முதலில், வாங்குவதை நிறுத்துங்கள். மாதப் புள்ளி குறையும், நிலை இறங்கும் என்று அச்சுறுத்துவார்கள், இறங்கட்டும். வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தால், வங்கிக்குச் சென்று அதனை இரத்துச் செய்யுங்கள்.

இரண்டாவது, சேரும்போது ஒப்பமிட்ட ஒப்பந்தத்தைத் தேடியெடுத்துப் படியுங்கள். நடுவண் அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், புதிதாகச் சேர்ந்தவர் தண்டமின்றி விலகிக்கொள்ள நியாயமான கால அவகாசம் தர வேண்டும் என்றும், மீண்டும் விற்கத்தக்க நிலையிலுள்ள சரக்கை நியாயமான முறையில் திரும்ப ஏற்க வேண்டும் என்றும் கூறின. உங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு எத்தனை நாள் கெடு, எந்த நிலையில் பொருள் இருக்க வேண்டும் என்று பாருங்கள். நாள் தள்ளிப்போடுவதால் இழப்பது நீங்களே. டப்பாவின் தேதி முடியக் காத்திருந்து அனாதை இல்லத்திற்குத் தருவது தருமமாகாது.

மூன்றாவது, விலகலை எழுத்தில் கொடுங்கள். மேல்வரிசைக்காரரிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னால், அவர் வீட்டிற்கு வந்து மூன்று மணி நேரம் பேசுவார். நிறுவனத்திற்கே நேராக எழுதுங்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி இரசீதையும் கடிதத்தின் படியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு எடுத்திருந்தால் அதனையும் முறைப்படி முடித்துவிடுங்கள். விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். முதலில் அவரிடம் முறையிடுங்கள். பதில் இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பிரமிடு என்று ஐயம் தோன்றினால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவை நாடலாம்.

நான்காவது, மீந்த சரக்கை உறவினர் தலையில் கட்டாதீர்கள். மகளிர் குழுவில் இதற்காகக் கடன் பெற்றிருந்தால் அதனைக் கணவரிடமோ மனைவியிடமோ மறைக்காமல் சொல்லித் தவணை வகுத்துக்கொள்ளுங்கள். மறைத்த கடனே வளரும் கடன்.

ஐந்தாவதே கடினமானது. உங்கள் வாயால் சேர்ந்தவர்களிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். ‘நான் விலகுகிறேன், என் கணக்கு இது, உங்கள் கணக்கை நீங்களும் கூட்டிப் பாருங்கள்’ என்று சொல்வது போதும். முடிவை அவர்கள் எடுக்கட்டும். அவர்களால் உங்களுக்கு வந்த கமிஷனில் கையில் எஞ்சியது ஏதேனும் இருந்தால், மிக வறியவரிடமிருந்து தொடங்கித் திருப்பிக் கொடுங்கள். ஒன்றும் எஞ்சவில்லையெனில் உண்மையையாவது கொடுங்கள். அடுத்தவர் நட்டத்தை அது நிறுத்தும்.

அந்தத் தாய் இதற்கு அஞ்சினார். “எந்த முகத்தோட சாமி போவேன்?” என்றார். பதினான்கு வீடுகளுக்கும் சென்றார். மூன்று வீடுகளில் ஏச்சு வாங்கினார். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஞானப்பிள்ளையின் வீட்டிற்குக் கடைசியாகச் சென்றார். அப்பெண் கண்ணீரோடு சொன்னதாக நம்மிடம் கூறினார்: “ஞானம்மா, நான் விட்டா ஒங்களுக்கு லெவல் போயிருமேன்னுதான் மாசாமாசம் வாங்கிக்கிட்டிருந்தேன்.” ஞானத்தாய் விலகினால் பிள்ளைக்கு நட்டம் என்று இவர் இருந்திருக்கிறார், பிள்ளை விலகினால் ஞானத்தாய்க்கு நட்டம் என்று அவர் இருந்திருக்கிறார். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பே இருவரையும் கட்டிவைத்த கயிறு. இதனைத்தான் நாம் மன்னிக்க இயலாத தீமை என்கிறோம். பணத்தைக் கறந்ததைக்கூடப் பொறுக்கலாம். திருமுழுக்குத் தொட்டியருகே பிறந்த ஓர் உறவைக் கறவைமாடாக்கியதை எவ்வாறு பொறுப்பது?

பங்குகள் செய்ய வேண்டுவது

உலகக் காரியத்தில் குருவானவர் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்போர் உண்டு. தலையிட்டவர்கள் நாமல்லர். அன்பியக் கூட்டத்தின் இறுதியில் டப்பாவைத் திறந்து காட்டியவர்கள் அவர்கள்; நோயாளரைச் சந்திக்கும் சபையினரின் பட்டியலை வாங்கி வாடிக்கையாளர் பட்டியலாக்கியவர்கள் அவர்கள். கோயிலின் நம்பிக்கையை மூலதனமாக்கியபோது, அது கோயிலின் காரியமாகிவிட்டது.

நம் பங்குப் பேரவையில் நாம் எழுந்து, மன்றத்தைக் கொடுத்தது நம் தவறு என்று கூறினோம். இனிப் பங்கு மன்றத்திலும் அன்பியக் கூட்டங்களிலும் ஆள் சேர்க்கும் எந்த வணிகத்திற்கும் இடமில்லை என்று பேரவை முடிவு செய்தது. மறைமாவட்டத்தின் பிற பங்குகளும் இதனை எண்ணிப் பார்க்கட்டும். அத்துடன், விலக விரும்புவோர்க்குக் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் உதவ, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் வங்கியில் பணியாற்றியவர் ஒருவரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் மன்றத்தில் அமர்கின்றனர். சேர்வதற்குக் கூட்டம் நடந்த அதே அறை. இப்போது விலகுவதற்கு ஒரு மேசை. முதல் ஞாயிறு வந்தவர் இருவர். மூன்றாம் ஞாயிறு ஒன்பது பேர்.

அந்தத் தாய்க்குத் தேதி முடியாத சில டப்பாக்களுக்கான தொகை மட்டும் திரும்பக் கிடைத்தது. எஞ்சிய கடனைத் தையல் கூலியிலிருந்து அடைத்து வருகிறார். சென்ற வாரம் நம் அங்கியின் கிழிந்த ஓரத்தைத் தைத்துக் கொண்டுவந்தபோது, கூலியைக் குறிக்க அதே நோட்டுப் புத்தகத்தை விரித்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோடு இழுத்துக் கூட்டியிருந்தார்.